நீற்றுப்பூசணியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்

எங்கள் தோட்டத் துண்டுக்குப் பக்கத்துத் துண்டில் மெக்சிக்கோவிலிருந்து வந்த ஓவியர் ஒருவர் இருக்கிறார். அறுபதை நெருங்கிய பெண். மேசைமேல் வைத்த பொருட்களையும் வெளியே தெரிகிற வயல்களையும் மட்டும்தான் வரைவார், மனிதரை வரைவதில்லை. போன ஐப்பசியில் அவருக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு நீற்றுப்பூசணிக்காயால் வந்த வினையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதில் பிழை யாருடையது என்று எனக்கு இன்னும் தெரியாது. எழுதினால் தெளியும் என்று மகள் சொன்னாள். அவள் படித்தவள், சொல்லுவாள்.

இங்கே டென்மார்க்கில், ஒடென்சேயில் மாடி வீட்டில் இருப்பவர்கள் நகரத்தின் ஓரத்தில் இப்படி ஒரு தோட்டத் துண்டை வாடகைக்கு எடுக்கலாம். ஒரு சின்னக் குடில், நாலு பாத்தி, இடுப்பளவு வேலி. வேலி எத்தனை சென்டிமீட்டர் நிற்கவேண்டும் என்பதற்கும் விதி உண்டு, அளந்து பார்க்க ஆளும் வருவார். எனக்கு அந்த ஆளைப் பிடிக்கும். ஏனென்றால் என்னுடைய தொழிலும் அதுதான். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மூடி பார்க்கிறேன். மூடிகள் இயந்திரப் பட்டியில் ஓடிக்கொண்டே இருக்கும். கீறல் விழுந்தது, நெளிந்தது, கறை பட்டது என்று கண்டுபிடித்துப் பொறுக்கி எறியவேண்டும். வீட்டிலும் அதே வேலைதான் பார்க்கிறேன் என்று மனைவி சொல்வாள்.

ஓவியரை முதல் தடவை கண்டபோது ஏதோ சுகமில்லையாக்கும் என்று நினைத்தேன். குடில் கதவு திறந்திருந்தது. கதிரையில் இருந்துகொண்டு மேசையில் கிடந்த மூன்று வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு பாத்தியைக் கொத்தி முடித்துத் திரும்பினால் அதே இருப்பு, அதே வெங்காயம். மனம் கேட்காமல் போய், "எல்லாம் சுகம்தானே?" என்று கேட்டேன்.

"வேலை செய்கிறேன்," என்றார்.

இதென்ன வேலையப்பா என்று எனக்குள் சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான், நானும் பார்த்துத்தானே சம்பளம் வாங்குகிறேன் என்று பட்டது. ஆனால் என் மூடிகள் ஓடும், நான் பழுதை மட்டும் பார்ப்பேன். அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

நாங்கள் பேசியது டேனிஷில். அவருடைய டேனிஷ் ஸ்பானிஷ் மாதிரிக் கேட்கும், என்னுடையது யாழ்ப்பாணம் மாதிரிக் கேட்கும். அதனாலோ என்னவோ, டேனிஷ்காரரோடு பேசும்போது வருகிற கூச்சம் எங்களுக்குள் இல்லை. எவ்வளவு விளங்கியது என்பது வேறு கதை.

அவர் வரைந்த வயல்களைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். கீழே ஒரு விரல் அகலத்துக்கு மண், மிச்சம் முழுக்க வானம். மாடில்லை, மரமில்லை. "உங்கள் நாட்டில் பெரிய மலைகள் இருக்குமே, அதை வரையக்கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது இப்போது என் முன்னால் இல்லை," என்றார். "முன்னால் இருந்தால்தான் என்னால் வரையமுடியும். நினைவிலிருந்து வரைந்தால் பொய் சொல்லிவிடுவேன்."

இதை மனைவியிடம் சொன்னேன். "ஆக்களைக் கீறத் தெரியாதாக்கும். அதுதான் சாட்டுச் சொல்லுறா," என்று அவள் ஒரேயடியாக முடித்துவிட்டாள்.

இனி மகளின் கதை. எங்களுக்கு ஒரே பிள்ளை. அவளும் மருமகனும் ஒடென்சேக்கு வெளியே ஒரு பழைய வீடு வாங்கினார்கள். மருமகன் டேனிஷ்காரன், நல்ல பிள்ளை, ஒரு குறை சொல்ல வழியில்லை. அதுவே எனக்குக் குறை. சுவர் இடித்தது, நிலத்துக்குப் பலகை போட்டது, குசினி அலுமாரிகளைப் பொருத்தியது எல்லாம் அவர்களே. நான் எப்போது போய் என்ன உதவி வேணும் என்று கேட்டாலும் ஒன்றும் வேண்டாம், இருந்து கோப்பி குடியுங்கள் என்று மகள் டேனிஷில் சொல்வாள். புதுச் சோபாவில் இருந்து கோப்பி குடிப்பேன். குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவ எழுந்தால் மருமகன் வாங்கிவிடுவான். இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்கவேணும் என்று சிநேகிதர்கள் சொல்கிறார்கள். எனக்கோ அந்த வீட்டில் ஒரு ஆணியாவது நான் அடித்ததாக இருக்கவேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகைகூட வந்தது.

வசந்தத்தில் ஒருநாள், அவர்கள் வீட்டு வாசலில் நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்க, மகள் வந்து தமிழில் சொன்னாள். "அப்பா, வீட்டு வேலையெல்லாம் முடிய ஐப்பசியில் குடிபூரல். அதுக்குப் பூசணிக்காய் நீங்கள்தான் கொண்டு வரவேணும். உங்கட தோட்டத்துக் காய்."

புது வீட்டுக்குக் குடிபோகும் அன்று நீற்றுப்பூசணிக்காயில் துளை போட்டு, குங்குமத்தை நிரப்பி, வீட்டுக்குச் சுற்றிக்காட்டி, ஊர்க்கண் பட்ட கண்ணூறு கழியட்டும் என்று தெருவில் போட்டு உடைப்பது எங்கள் வழக்கம். ஒடென்சேயில் தமிழ்க்கடையில் சொல்லிவைத்தால் காய் எடுப்பித்துத் தருவார்கள். ஆனால் நான் இரண்டு வருடமாகக் கண்ணாடிக் கொட்டிலுக்குள் நீற்றுப்பூசணி போட்டுத் தோற்றுக்கொண்டிருந்தேன். மகள் அதை ஞாபகம் வைத்திருக்கிறாள். காரை மனைவி வேலைக்குக் கொண்டுபோயிருந்தாள். பஸ்ஸுக்கும் நிற்காமல் அன்று பாதி வழி நடந்தேன்.

தோற்றதற்குக் காரணம் என் விரல். கண்ணாடிக் கொட்டிலுக்குள் தேனீ சரியாக வராது. ஆண்பூவின் தூளை எடுத்துப் பெண்பூவில் நாம்தான் வைக்கவேண்டும். நான் வைத்தால் பூ நசிந்து இரண்டாம் நாள் பிஞ்சு மஞ்சளாகி விழும். இந்த வருடமும் மூன்று பிஞ்சு விழுந்தபிறகு, வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஓவியர் ஒரு தூரிகையோடு வந்தார். நுனியில் நாலைந்து மயிர்தான் இருக்கும். பூவுக்குள் அது போய்த் திரும்பியது பூவுக்கே தெரிந்திராது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். ஒன்றே ஒன்று பிடித்தது.

ஆடி கழியக் குழந்தையின் தலையளவு வந்தது. புரட்டாதியில் அதன்மேல் சாம்பல் பூத்தது. விரல் பட்டால் அடையாளம் விழும் என்று நான் பக்கத்திலேயே போகவில்லை. ஓவியர்தான் தினமும் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். காய் பறித்த அன்று கேட்டார், "நான் இதை வரையலாமா? வரைந்து முடியும்வரை என்னிடம் இருக்கட்டுமா?"

எங்கள் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. அத்தோடு அவருடைய தூரிகை இல்லாவிட்டால் காயே இல்லை. "ஓம், ஓம், அதற்கென்ன," என்றேன். ஐப்பசி மாதக் கடைசி ஞாயிறு மகளின் புது வீட்டுக்கு இது வேண்டும், நீங்களும் வாருங்கள் என்றும் சொன்னேன்.

"நல்லது. புது வீட்டில் மேசைமேல் வைத்தால் மிக அழகாக இருக்கும்," என்றார்.

உடைக்கத்தான் என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும். வாய்வரைக்கும் வந்தது. அவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் எப்படிச் சொல்வது என்று விழுங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வெறுங்கையோடு போனேன். மனைவி முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து காலை நீட்டியபடி இருந்தாள்.

"இஞ்சருங்கோ, காய் எங்கை?"

"பக்கத்துத் தோட்டத்து மனிசியிட்டை. படம் கீறக் குடுத்தனான்."

"எத்தினை நாளைக்கு?"

"முடியுமட்டும்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நாள் முழுக்க அதையே பாத்துக்கொண்டிருப்பாவோ?"

"படம் கீறிறதெண்டால் பாக்கத்தானே வேணும்."

"உங்களுக்கு என்ன விசரே? கண்ணூறு கழிக்கிற காயை ஒராள் ஒரு மாசமாப் பாத்துக்கொண்டிருந்தால், பிள்ளையின்ரை வீட்டுக் கண்ணூறை வாங்க அதுக்குள்ளை இடம் இருக்குமே? முதலே நிரம்பிவிடுமெல்லோ!"

நான் கண்ணூறு, நாவூறு எதையும் நம்புகிறவன் அல்ல. அதெல்லாம் மூடத்தனம் என்று தமிழ்ப் பள்ளிக்கூட மேடையில் பேசிக் கைதட்டு வாங்கியவன். அன்றும் மனைவிக்கு அரை மணித்தியாலம் விளக்கம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுப் புட்டு அவிக்கப் போய்விட்டாள். விளக்கம் சொன்ன எனக்குத்தான் அதற்குப் பிறகு நிம்மதி போனது. நிரம்பிவிடும் என்று சொன்னாளே, அந்த ஒரு சொல். வேலையில் மூடி ஓட ஓட, ஒரு காய்க்குள் எவ்வளவு பார்வை கொள்ளும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

சனி ஞாயிறுகளில் போய்ப் பார்த்தேன். யன்னலோரம் காய். பக்கத்தில் ஒரு நீல எனாமல் கோப்பை, மடித்த துணி, ஒரு தேசிக்காய். யன்னலுக்கு வெளியே வேலி, அதற்கும் அப்பால் தட்டையான வயல். அவர் பார்ப்பார், பார்ப்பார், பிறகு ஒரு தொட்டு வைப்பார். பிறகு மறுபடி பார்ப்பார். அவர் மேல் எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. ஆனாலும் அந்தப் பார்வையைக் கண்டால், கைக்குழந்தையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது.

குடிபூரலுக்கு மூன்று கிழமை இருக்கையில் அந்த வேலையைச் செய்தேன். மகள் கலியாணம் முடித்துப் போகும்போது குளியலறை லாச்சிக்குள் ஒரு கண்மைப் பென்சிலை விட்டுப் போயிருந்தாள். அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். குளிர் தொடங்கிவிட்டதால் தோட்டத்துக் குழாய்களை மூடியிருந்தார்கள். ஓவியர் தண்ணீர் எடுக்க வாளியோடு பொதுக் கட்டடத்துக்குப் போனார். நான் குடிலுக்குள் புகுந்தேன்.

குழந்தைகளுக்குக் கன்னத்தில் கறுத்தப் பொட்டு வைப்போமே, பார்க்கிறவர் கண் பிள்ளையில் விழாமல் பொட்டில் விழட்டும் என்று, அதைத்தான் காய்க்கு வைக்க வந்திருந்தேன். எங்கே வைப்பது? பின்பக்கம் வைத்தால் அவருக்குத் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரியாவிட்டால் அவர் பார்வையை அது எப்படித் தடுக்கும்? பொட்டு என்றால் பார்க்கிறவருக்குத் தெரியவேண்டும். தெரிந்தால் என்ன இது என்று கேட்பார். நம்பாத ஒருவன் இவ்வளவு நுணுக்கமாக யோசிக்கிறானே என்று எனக்கே ஆச்சரியம். கடைசியில் முன்பக்கம், இடது ஓரம், கீழே, சின்னதாக ஒன்று வைத்தேன். அவசரத்தில் பென்சில் வழுக்கி நினைத்ததைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அழித்தால் சாம்பலும் சேர்ந்து போகும். வேலியால் பாய்ந்து என் துண்டுக்கு வந்து மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஓவியர் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். முகம் வாடியிருந்தது. "பாருங்கள். கறுப்பாக ஒன்று வந்துவிட்டது. அழுகத் தொடங்குகிறதா?"

அப்போது சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் என்ன சொல்வது? உங்கள் கண் என் பிள்ளையின் வீட்டைக் கெடுத்துவிடும் என்று பயந்தேன் என்று, பூவுக்குத் தூரிகை கொடுத்தவரிடம் எந்த மொழியில் சொல்வது?

"சில நேரம் அப்படி வரும்," என்றேன்.

"பரவுமா?"

"பரவினாலும் பரவும்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. பொய்யைத் தொடங்கியவன் அதை ஒழுங்காக முடிக்கவாவது தெரிந்திருக்கவேண்டும்.

அதற்கடுத்த சனி, அதாவது குடிபூரலுக்கு எட்டு நாள் இருக்க, அவர் சிரித்த முகத்தோடு வேலிக்கு வந்தார். படம் முடிந்துவிட்டதாம். காயையும் காப்பாற்றிவிட்டாராம். காயைத் தூக்கிக் காட்டினார். பொட்டு இருந்த இடத்தில் இரண்டு விரல் போகும் அளவுக்கு ஒரு துளை. அதை மெழுகுதிரி உருக்கி அடைத்திருந்தார். "அம்மா உருளைக்கிழங்கில் இப்படித்தான் செய்வார், பழுதை மட்டும் வெட்டி எடுத்துவிடுவார். நல்ல காலம், உள்ளே போகவில்லை. வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. உங்கள் மகளின் நாள்வரைக்கும் தாங்கும்."

"மிக்க நன்றி," என்றேன்.

காயைக் கண்டதும் மனைவி கையை உதறினாள். "நான் சொன்னனானோ இல்லையோ? கண்பட்டுப் போச்சு. முழுக்காய் எண்டால்தான் உடைக்கலாம். இது மூளிக்காய். தமிழ்க்கடையிலை ஒண்டுக்குச் சொல்லிவிடுங்கோ. அந்த மனிசியைக் குடிபூரலுக்கு வரச்சொன்னனீங்களெல்லோ? வரவேண்டாமெண்டு சொல்லிப்போடுங்கோ. பிள்ளையின்ரை வீட்டுக்கை அந்தக் கண் வேண்டாம்."

"சொல்லுறன்," என்றேன். இங்கேயும் ஓம்தான்.

அந்தக் கிழமை முழுக்க என் தலைக்குள் ஒரே சுற்று. காயைக் கெடுத்தது யார்? வெட்டியது அவர். அவரை வெட்டவைத்தது என் பொட்டு. பொட்டு வைக்கவைத்தது கண்ணூறு என்ற பயம். பயம் வந்தது அவர் பார்த்ததால். அப்படியென்றால் அவர் பார்த்ததால்தான் காய் கெட்டது, மனைவி சொன்னது சரி. இல்லை, அவர் பார்த்ததால் ஒன்றும் நடக்கவில்லை, என் முட்டாள்தனம்தான் எல்லாம். இரண்டும் சரியாகவே பட்டன. ஒரு மூடியைக் கையில் எடுத்து நல்லதா பழுதா என்று தீர்க்க எனக்கு அரை வினாடி போதும். இதை எட்டு நாளாகத் தீர்க்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் மனைவிக்கு முன்னால் என் மேடைப் பேச்செல்லாம் காற்றில் போகும். சொல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாத மனிசி கொள்ளிக்கண்காரி என்று பேர் வாங்குவாள். நான் சொல்லவில்லை. வரவேண்டாம் என்று ஓவியரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

குடிபூரல் அன்று காலை நல்ல நேரத்தில் மனைவி சாமிப் படத்தோடு உள்ளே போனாள், பால் பொங்கியது. கடைப் பூசணிக்காயை வீட்டுக்காரனே உடைக்கட்டும் என்று மருமகனிடம் கொடுத்தாள். அவன் மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு, பக்தியாகச் சுற்றி, மெல்ல எறிந்தான். காய் உடையாமல் உருண்டு பக்கத்து வீட்டுத் தபால்பெட்டிக்குக் கீழே போய் நின்றது. இரண்டாம் தரம் உடைந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நான் காருக்குப் பக்கத்தில் நின்றேன். கார்ப்பெட்டிக்குள் என் காய் கிடந்தது. ஏன் கொண்டு வந்தேன் என்று தெரியாது. மகள் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாளைக்கு அவள் வந்து உங்கள் காய் எங்கே அப்பா என்று கேட்டால் என்ன சொல்வேன் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் விருந்தினர் வரத் தொடங்கினார்கள். பஸ் தரிப்பிலிருந்து ஓவியர் நடந்து வந்தார், படுக்கை விரிப்பால் சுற்றிய தட்டையான பொதி ஒன்று கையில். வாசலுக்கு வந்தவர் தெருவில் சிதறிக் கிடந்ததைக் கண்டு நின்றுவிட்டார். வெள்ளைச் சதை, சிவப்புக் குங்குமம். குனிந்து ஒரு துண்டை எடுத்தார்.

"நான் வெட்டியதால் எறிந்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.

"இது கடைக்காய். உங்களுடையது, எங்களுடையது, காருக்குள் இருக்கிறது."

"இது ஏன் உடைந்திருக்கிறது?"

"உடைப்பதற்குத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். "அதையும் உடைக்கத்தான் வளர்த்தீர்களா? இரண்டு வருடமாக?"

தலையாட்டினேன். ஒரு காயைச் சாப்பிடாமல் ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருக்க வாங்கிப்போனவர், உடைக்கக் காய் வளர்த்தவனை விசித்திரமாகப் பார்த்தார். யாருக்கு யார் விளக்கம் சொல்வது என்று தெரியாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

மனைவி என்னைப் பார்த்த விதத்தை எழுதவேண்டியதில்லை. ஓவியர் நேரே மகளிடம் போய்ப் பொதியைக் கொடுத்தார். மகள் விரிப்பை அவிழ்த்து, படத்தைச் சுவரோரம் கதிரைமேல் நிறுத்தினாள்.

காய் இருந்தது. சாம்பல் பூத்த அந்த வெள்ளை, தொட்டால் விரலில் ஒட்டும் போல. நீலக் கோப்பை, தேசிக்காய், பின்னால் யன்னல் நிறைய வயல். காயின் இடது ஓரம், கீழே, என் பொட்டு. வெட்டுமுன்பே வரைந்துவிட்டார். பென்சில் வழுக்கியபோது ஓரத்தில் இழுபட்ட சின்ன வால்கூட அப்படியே இருந்தது.

அறையில் நின்ற டேனிஷ்காரர்கள் எல்லாரும் அழகு, அழகு என்றார்கள். மனைவி கிட்டப் போனாள். குனிந்தாள். ஒரு பிள்ளையைப் பெற்று, மூன்று வயதுமட்டும் கன்னத்தில் பொட்டு வைத்து வளர்த்தவள் அவள். மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இது அழுகல் இல்லை. இது பொட்டு. ஆர் வைச்சது?"

நான் படத்துத் தேசிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மேடையிலை கதைக்கிற ஆள் வைச்ச பொட்டோ?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓவியர் ஒருவர் மாறி ஒருவராக எங்கள் முகங்களைப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று மகளிடம் கேட்டார். மகள் டேனிஷில் எல்லாம் சொன்னாள். நான் பத்து வருடம் முயன்றாலும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கமாட்டேன். குழந்தைக்கு வைக்கிற பொட்டு, பார்வை, பயம், எல்லாம்.

ஓவியர் என்னிடம் கேட்டார், "எனக்கு எதிராகவா வைத்தீர்கள்?"

"ஓம்," என்றேன். அந்த வருடம் முழுக்க நான் சொன்ன ஓம்களில் அது ஒன்றுதான் உண்மை. "உங்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பயந்துவிட்டேன். மகளின் வீட்டுக்கு நான் கொடுக்க அந்த ஒன்றுதான் இருந்தது."

அவர் படத்துக்குக் கிட்டப் போனார். "அந்தக் கறுப்பை மூன்று தடவை கலந்தேன்," என்றார். "அழுகலில் மண்ணிறம் இருக்கும், பச்சை இருக்கும். இதில் ஒன்றும் இருக்கவில்லை. வெறும் கறுப்பு. பார்த்ததைத்தான் வரைந்தேன். பிறகு பார்த்ததை நம்பாமல் வெட்டிவிட்டேன்." அவர் சிரிக்கிறாரா, கண் கலங்கியிருக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்படியே திரும்பி வெங்காயத்தைப் பார்க்கிற மாதிரி என்னை நெடுநேரம் பார்த்தார். அன்று எனக்கு ஒரு பொட்டு தேவைப்பட்டது.

"அப்பா, உங்கட காய் எங்கை?" என்று மகள் கேட்டாள்.

கார்ப்பெட்டியைத் திறந்தேன். மகள் நகத்தால் மெழுகைப் பெயர்த்தாள். உள்ளே இன்னும் வெள்ளைதான். மூளிக்காய் என்று மனைவி மறுபடி தொடங்குவாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய்க் குங்குமச் செப்போடு வந்தாள். "துளை போடுற வேலை மிச்சம்," என்று மட்டும் சொல்லி, அந்தத் துளைக்குள்ளேயே கொட்டினாள்.

நான் காயைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு இறங்க, ஓவியர் மெல்ல, "உடைக்குமுன் ஒரு தடவை பார்க்கலாமா?" என்று கேட்டார்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவளுக்கு டேனிஷ் என்னைவிட நன்றாகத் தெரியும்.

"பாக்கட்டும்," என்றாள். "வடிவாப் பாக்கட்டும்."

குளிருக்குள் எல்லாரும் காத்து நின்றார்கள். அவர் பார்த்து முடித்துத் தலையசைத்தார். நான் வீட்டுக்கு மூன்று தரம் சுற்றி ஓங்கி அடித்தேன். ஒரே அடியில் சிதறியது. அந்த நேரம் ஓவியர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதாக மனைவி பிறகு சொன்னாள். நான் காணவில்லை.

படம் இப்போது மகள் வீட்டு வாசலுக்கு நேரே தொங்குகிறது. ஓவியர் இந்த வருடமும் தூரிகையோடு வந்தார், நாலு காய் பிடித்திருக்கிறது. யார் பிழை என்று இவ்வளவு எழுதியும் எனக்குத் தெளியவில்லை. போன கிழமை மருமகன் ஒரு சங்கதி சொன்னான். வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு முதலில் அந்தப் பொட்டைத்தான் கேட்கிறார்களாம், அது என்ன, பழுதா, காயில் மொய்த்த இலையானா என்று. மகள், "அது என் அப்பா," என்று சொல்கிறாளாம்.

இதற்கு என்ன அர்த்தம் என்று அவனிடம் கேட்க வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் வேலைக்குப் போய்ப் பட்டிக்கு முன்னால் நின்றேன். மூடிகள் ஓடின. கண்ணைத் துடைக்கத் துடைக்க நீர் மறைத்தது. அன்று எத்தனை பழுது மூடி என்னைத் தாண்டிப் போனதோ தெரியாது, நான் ஒன்றையும் எடுக்கவில்லை.